மரத்தடி கரே வண்டி: 800 யென் கொடுத்து நான் சாப்பிட்டது குழம்பா, கஞ்சியா?

தாமிரபரணிக்காரன் | செவ்வாய், இரவு 9.12

டோக்கியோ வந்து ஏழு மாசம் ஆச்சு. மதியத்துக்கு டப்பா கட்டிட்டுப் போறதுதான் வழக்கம். இன்னைக்குக் காலையில குக்கர் வாஷர் அறுந்துபோச்சு, வெறுங்கையோட கிளம்பிட்டேன்.

ஆபீஸ் மருனோஉச்சில. பக்கத்துலயே யூராக்குச்சோ ஸ்டேஷனை ஒட்டி டோக்கியோ இன்டர்நேஷனல் ஃபோரம்னு ஒரு கண்ணாடிக் கட்டடம் இருக்கு. உள்ள நின்னு அண்ணாந்து பார்த்தா கப்பலோட விலா எலும்புக்குள்ள நிக்கிற மாதிரி இருக்கும். அதோட முற்றத்துல, மரத்தடியில, வேலை நாள்ல மதியம் சாப்பாட்டு வண்டிங்க வரிசையா நிக்கும். இங்க அதைக் கிச்சன் கார்னு சொல்றாங்க. ஒவ்வொரு கிழமைக்கும் வேற வேற வண்டி. ஒரு வண்டி பலகையில கதகனாங்கிற ஜப்பானிய எழுத்துல எழுதியிருந்தது எனக்கு எழுத்துக்கூட்டாமலே புரிஞ்சது. "கரே", அதாவது கறி. சரி, நம்ம ஊர் சமாச்சாரம்னு வரிசையில நின்னேன். எனக்கு முன்னாடி 14 பேர்.

800 யென். கையில டப்பா வந்ததும் முதல் அதிர்ச்சி, நிறம். காபிக்கொட்டை நிறத்துல, பளபளன்னு, கரண்டியை நிமித்தினா விழ யோசிக்கிற கெட்டி. நாக்குல வச்சதும் முதல்ல வந்தது இனிப்பு. சத்தியமா இனிப்பு. அப்புறம் ஒரு வறுத்த வாசனை. கடைசியா, தொண்டைக்குள்ள இறங்குற நேரத்துல, அடுத்த தெருவுல யாரோ மிளகாய் வறுத்த மாதிரி ஒரு காரம். புளி இல்ல. தாளிப்பு இல்ல. கறிவேப்பிலை பேருக்குக்கூட இல்ல. பக்கத்துல சிவப்பா பொடிப்பொடியா ஒரு ஊறுகாய், அதுவும் இனிப்பு!

இதோட விட்டிருந்தா நான் இங்க எழுதவே மாட்டேன். பிடிக்கலை பிடிக்கலைன்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டே பத்து நிமிஷத்துல டப்பாவைச் சுரண்டிக்கிட்டு இருந்தேன். சாயங்காலம் நாலு மணிக்கு மீட்டிங்ல உக்காந்திருக்கப்ப அந்த ருசி திரும்ப ஞாபகத்துக்கு வருது. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க. இது என்ன வகை? எனக்கு ஏன் பிடிச்சது?


சும்மா வந்தவன் | செவ்வாய், இரவு 9.30

போஸ்டர் ஒட்டுற பசையில மசாலாப் பொடி தூவியிருக்கான். 800 யென்னுக்கு நாலு நாள் சாம்பார் வைக்கலாம். அடுத்த கேள்வி?


மதுரை ஒகுசான் | செவ்வாய், இரவு 10.05

சும்மா வந்தவர் கிண்டலுக்குச் சொன்னாலும் பாதி உண்மைதான். அது பசையேதான். ஆனா எப்படிப்பட்ட பசைங்கிறதுல இருக்கு விஷயம்.

தம்பி, நான் நகோயாவுல 11 வருஷமா இருக்கேன். வந்த புதுசுல நானும் இதைக் குழம்புன்னு நினைச்சு வாயில வச்சுட்டு அழாத குறை. முதல்ல அந்த நினைப்பை விடுங்க. நம்ம குழம்புக்கு உடம்பு எதுல வருது? புளிக்கரைசல், தேங்காய், பருப்பு, வதக்கி அரைச்ச வெங்காயம் தக்காளி. கரேக்கு உடம்பு மைதாவுல வருது. கொழுப்பும் மைதாவும் சம எடை எடுத்து, சின்னத் தீயில, பொன்னிறத்தைத் தாண்டிப் பழுப்பாகிற வரைக்கும் கிண்டிக்கிட்டே இருந்து, அதுல கறிப்பொடியைப் போட்டு இறக்குவாங்க. அதுதான் "ரூ". கடையில சாக்லேட் கட்டி மாதிரி பெட்டியில விக்கிறது அதைத்தான். நம்ம வீட்டுல மசாலா கடைசியில தாளிப்பா வந்து மூக்குல அடிக்கும். இவங்க வீட்டுல மசாலா கொழுப்புக்குள்ள ஊறிக்கிடக்கும். அதனாலதான் உங்களுக்குக் காரம் கடைசியா வந்தது.

இனிப்புக்குக் காரணம் சர்க்கரை மட்டும் இல்ல. வெங்காயத்தை "அமேஇரோ" வர்ற வரைக்கும் வதக்கணும்பாங்க. மிட்டாய் நிறம்னு அர்த்தம். அவசரப்படாமச் செஞ்சா முக்கால் மணி நேரம் ஆகும், நாலு பெரிய வெங்காயம் ஒரு கைப்பிடியா சுருங்கிரும். அது போக ஆப்பிளைத் துருவிப் போடுவாங்க, தேன் விடுவாங்க. கொஞ்சம் காபித்தூள், ஒரு துண்டு சாக்லேட், சோயா சாறுன்னு ஆளுக்கொரு ரகசியம் வச்சிருப்பாங்க. அதுக்கு "ககுஷிஅஜி"ன்னு பேரு, ஒளிச்சு வச்ச ருசி. ஹவுஸ் கம்பெனி 1963-ல ஆப்பிளும் தேனும் சேர்த்து வெர்மான்ட் கரேன்னு ஒண்ணைக் கொண்டு வந்துச்சு. குழந்தைங்க சாப்பிடணும்னே செஞ்சது. அதுக்கப்புறம் நாடு முழுக்க நாக்கு அந்தப் பக்கம் சாஞ்சிருச்சு. என் பையன் என் வத்தக்குழம்பைத் தொட மாட்டான், ஸ்கூல்ல கரே போடுற நாளை மட்டும் காலண்டர்ல வட்டம் போட்டு வச்சிருப்பான்.

பெட்டியில காரம் மூணு அளவுல இருக்கும். அமாகுச்சி இனிப்பு, சூகரா நடுத்தரம், கராகுச்சி காரம். கராகுச்சியை நம்பி ஏமாறாதீங்க, அது கல்யாண வீட்டு வெள்ளைக் குருமா அளவுதான்.

சிவப்பு ஊறுகாய் பேரு ஃபுகுஜின்சுகே. இங்க உள்ள ஏழு அதிர்ஷ்ட தெய்வங்க பேரை வச்சது. முள்ளங்கி, கத்தரி, தாமரைக்கிழங்கு எல்லாம் சோயாவுலயும் சர்க்கரையிலயும் ஊறினது. அதுல தம்பட்டங்காயும் உண்டு, பார்த்தீங்களா?


தாமிரபரணிக்காரன் | செவ்வாய், இரவு 10.21

அக்கா, தம்பட்டங்காயா! ஆச்சி வீட்டு வேலியில கிடந்த காய். அதைத் தின்னுட்டுத்தான் திட்டியிருக்கேன்.

ஒரே சந்தேகம். கறி நம்மகிட்ட இருந்துதானே இவங்களுக்குப் போச்சு? அப்புறம் எப்படி இதுல மைதா வந்துச்சு?


சும்மா வந்தவன் | செவ்வாய், இரவு 10.24

எல்லாம் நம்மகிட்ட இருந்து போனதுதான். அவன் கெடுத்துட்டான்.


கடலோடி | புதன், காலை 6.40

முப்பது வருஷம் கப்பலில் இருந்தவன். யோகோசுகா, யோகோஹாமா பக்கம் இறங்கும்போதெல்லாம் சாப்பிட்டது இதுதான். அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தம்பி, கறி நம்மிடமிருந்து ஜப்பானுக்கு நேரே போகவில்லை. இங்கிலாந்து வழியாகப் போனது. வெள்ளைக்காரன் இந்தியாவில் தின்ற ருசியை ஊருக்குக் கொண்டுபோய், நூறு மசாலாவையும் ஒரே பொடியாக்கி டப்பாவில் அடைத்தான். தன் பழக்கப்படி மாவைக் கொழுப்பில் வறுத்துக் கெட்டியாக்கினான். மெய்ஜி காலத்து, அதாவது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி ஜப்பானுக்குக் கறி "மேல்நாட்டு உணவு" என்றுதான் வந்து சேர்ந்தது. கத்தி, முள்கரண்டி, வெண்ணெய் எல்லாம் வந்த அதே கூடையில். 1872-இல் வந்த மேல்நாட்டுச் சமையல் புத்தகம் ஒன்றில் கறி செய்முறை இருக்கிறது. அதில் உருளைக்கிழங்கு கிடையாது, கேரட் கிடையாது. இறால், சிப்பி, கோழி, கூடவே தவளை. "நம்மகிட்ட இருந்து போனது" என்று சொல்லும் அன்பர் அந்தத் தவளையையும் சேர்த்து உரிமை கொண்டாட வேண்டும்.

அதை நாடு முழுக்கப் பரப்பியதில் படைக்குப் பெரிய பங்கு உண்டு. கடற்படை 1908-இல் வெளியிட்ட சமையல் கையேட்டில் கறிச்சோறு இருக்கிறது. ஒரே அண்டா, ஒரே கரண்டி, இறைச்சியும் காயும் சோறும் ஒரே தட்டில். ஆடுகிற கப்பலில் ரசம் ஊற்றிச் சாப்பிட்டுப் பார்த்தவனுக்குக் கெட்டிக் கறியின் அருமை தெரியும். இன்றும் அவர்கள் கடற்படையில் வெள்ளிக்கிழமை என்றால் கறி. கடலில் கிழமை மறந்துபோகும், தட்டில் கறி வந்தால் வாரம் முடிந்தது என்று தெரியும். முன்பு சனிக்கிழமையாக இருந்தது, வாரத்துக்கு ஐந்து நாள் வேலை என்று ஆனபின் வெள்ளிக்கு மாறியது. யோகோசுகா நகரம் 1999-இல் தன்னைக் "கறி நகரம்" என்று அறிவித்துக்கொண்டு கடற்படைக் கறியை இன்றுவரை விற்கிறது.

ஒரு கட்டுக்கதையையும் தீர்த்துவிடுகிறேன். கடற்படையில் பெரிபெரி நோயை ஒழித்தது கறிதான் என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். தீட்டிய வெள்ளைச் சோறு மட்டும் தின்றதால் மாலுமிகள் கால் வீங்கிச் செத்தார்கள் என்பது உண்மை. மருத்துவர் தககி கனேஹிரோ 1884-இல் சுகுபா என்ற கப்பலில் சாப்பாட்டையே மாற்றி அனுப்பிப் பார்த்தார், நோய் விழுந்துவிட்டது. ஆனால் அவர் கொடுத்தது இறைச்சி, ரொட்டி முதலானவை. பிறகு வாற்கோதுமை கலந்த சோறு. கறி பின்னால் வந்து பெயர் வாங்கிக்கொண்டது.


சொல்தேடி | புதன், காலை 8.15

கடலோடி ஐயாவுக்கு ஒரு சின்ன இணைப்பு. சொல் மட்டும் நம்முடையதுதான். பழந்தமிழில் கறி என்றால் மிளகு. பொன்னோடு வந்த யவனர் கப்பல் கறியோடு முசிறியை விட்டுத் திரும்பியது என்று அகநானூற்று 149-ஆம் பாட்டில் வருகிற கறி அதுதான். பிறகு சோற்றுக்குத் தொடுகறி, காய்கறி, இறைச்சி என்று பொருள் விரிந்தது. தென்னிந்தியக் கரையிலிருந்து போர்ச்சுகீசியர் வாயில் ஏறி, ஆங்கிலத்துக்குப் போய், ஜப்பானில் கரே ஆகி, இப்போது தாமிரபரணிக்காரர் கண்ணில் கதகனாவில் பட்டிருக்கிறது. கறிக்கடை என்றால் இறைச்சிக் கடை என்று நினைக்கிற நமக்கே அந்தச் சொல்லின் முதல் பொருள் மறந்துவிட்டபோது, ஜப்பான்காரர் அதற்கு மூன்றாவது பொருள் கொடுத்ததில் குற்றம் என்ன?


சைவப்பிள்ளை | புதன், மதியம் 1.02

எல்லாரும் ருசியைப் பற்றியே பேசுறீங்க. நான் கேக்கவேண்டியதைக் கேக்கிறேன். தாமிரபரணி, அந்த ரூவுல என்ன கொழுப்புன்னு கேட்டீங்களா?

ஒசகியில ஒரு வருஷம் இருந்தேன். காய்கறிக் கரேன்னு படம் போட்ட பெட்டி வாங்கி மூணு மாசம் சாப்பிட்டேன். ஒரு நாள் கூட வேலை பார்க்கிற பையன் பின்னாடி உள்ளதை வாசிச்சுக் காட்டினான். மாட்டுக் கொழுப்பு, பன்றிக் கொழுப்பு. அன்னைக்கு ராத்திரி நான் பட்ட பாட்டை இங்க எழுத முடியாது. யாரையும் குத்தம் சொல்லல, அவங்க ஒளிக்கல, எனக்குத்தான் வாசிக்கத் தெரியல. ஆனா "காய்கறி"ங்கிறது மேல மிதக்கிறதை வச்சுச் சொல்றதுன்னு முன்னாடியே யாராவது சொல்லியிருக்கலாம்.

கடைச்சரக்கு ரூ பெரும்பாலும் அப்படித்தான். பெட்டியில "கியூஷி"ன்னா மாட்டுக் கொழுப்பு, "தொன்ஷி"ன்னா பன்றிக் கொழுப்பு. ராடோன்னாலும் பன்றிதான். பீஃபு எகிசு, போக்கு எகிசுன்னா மாட்டுச் சாறு, பன்றிச் சாறு. வண்டியில வாங்குற டப்பாவுல பெரும்பாலும் இதெல்லாம் எழுதியிருக்காது, வாயால கேக்கணும். "நிகு நுகி", அதாவது இறைச்சி வேண்டாம்னு மட்டும் சொன்னா துண்டுகளைத்தான் எடுப்பாங்க, சாறு அப்படியே வரும். "தோபுத்சுசேய் நோ மோனோ, ஹைத்தே இமாசு கா"ன்னு கேளுங்க. விலங்குல இருந்து வந்தது ஏதாவது இருக்கான்னு அர்த்தம்.


தாமிரபரணிக்காரன் | புதன், மதியம் 1.30

கேக்கலையே. கோழின்னு படம் இருந்துச்சு, வாங்கிட்டேன். எங்க வீட்டுல மாடு சாப்பிட மாட்டோம். இப்ப வயிறு ஒரு மாதிரி இருக்கு.


சும்மா வந்தவன் | புதன், மதியம் 1.33

தின்னும்போது தெரியாத மாடு இப்ப முட்டுதாக்கும்!


மட்டுறுத்துநர் | புதன், மதியம் 2.10

இதற்குக் கீழே வந்த ஒன்பது பதிவுகளை நீக்கியிருக்கிறேன். யார் எதைத் தின்னலாம் என்ற சண்டைக்கு வேறு இழைகள் ஏற்கெனவே எரிந்துகொண்டிருக்கின்றன. இங்கே கரே மட்டும். சும்மா வந்தவருக்கு இது முதல் எச்சரிக்கை.


யாழ் ரதி | புதன், இரவு 8.50

நான் ஒசாகாவில இருக்கிறன். தம்பியின்ர கதையை வாசிச்சுச் சிரிச்சன். எனக்கு அந்தக் கறுத்த நிறத்தைப் பாத்துப் பயம் வரேல்ல, ஏனெண்டால் எங்கட வீட்டுக் கறியே கறுப்புத்தான். யாழ்ப்பாணத்துத் தூள் மல்லி, மிளகாய், சீரகம் எல்லாம் வறுத்துத் திரிக்கிறது. அதால முதல் வாயிலயே அந்த வறுத்த வாசம் எனக்குத் தெரிஞ்ச வாசமாயிருந்திச்சு. இனிப்புத்தான் குழப்பினது.

உங்களுக்கு மா இல்லாத கறி வேணுமெண்டால் "ஸ்பைஸ் கரே" எண்டு பலகை போட்ட வண்டியைத் தேடுங்கோ. இது ஒசாகாவில வளந்த வகை. ரூ கிடையாது. தண்ணியாயிருக்கும், முழு ஏலக்காயும் கராம்பும் கரண்டியில தட்டுப்படும். அதுக்குள்ள தாஷி எண்டு இவையின்ர மீன், கடற்பாசிச் சாறும் சேரும். ஒரு தட்டில சோற்றை நடுவில வைச்சு ரெண்டு கறியை ரெண்டு பக்கமும் ஊத்தினால் "ஐகாகே". பருப்பு, சம்பல் எல்லாம் சுத்திவர வைப்பினம். இலங்கைச் சாப்பாட்டில இருந்து நிறைய எடுத்திருக்கினம், பாத்த உடனே தெரியும். இங்க கனபேர் கடை வைக்கக் காசில்லாமல், பகலில பூட்டிக் கிடக்கிற பாரின்ர குசினியை வாடகைக்கு எடுத்து மத்தியானம் மட்டும் கறி விப்பினம். "மகரி" எண்டு சொல்லுவினம். நான் முதல் தரம் போன இடத்தில சமைச்சவர் ராத்திரியில கிட்டார் வாசிக்கிறவராம். தேங்காய்ச் சம்பலில கருவாட்டுத் தூள் சரியாயிருந்திச்சு, உப்புத்தான் குறைவு.


தாமிரபரணிக்காரன் | வெள்ளி, இரவு 9.40

இன்னைக்குத் திரும்பப் போனேன். செவ்வாய்க்கும் வெள்ளிக்கும்தான் அந்த வண்டி வரும்னு தெரிஞ்சது. கூட்டம் குறையட்டும்னு 1.40-க்குப் போய், சைவப்பிள்ளை சொல்லிக்குடுத்த வாக்கியத்தைத் தப்பும் தவறுமா சொன்னேன். வண்டிக்காரருக்கு அறுபது வயசு இருக்கும். மூணு தடவை கேட்டுட்டுச் சிரிச்சார். அப்புறம் போன்ல மொழிபெயர்ப்பு.

முதல் நல்ல செய்தி: ரூ அவரே கிண்டுறது. வெண்ணெயும் மைதாவும். சாறு கோழி எலும்புல. மாடு இல்லை, பன்றி இல்லை. வயிறு சரியாப்போச்சு. சைவப்பிள்ளைக்குத்தான் இதுல எதுவும் ஆகாது, மன்னிச்சிருங்க.

அடுத்து, "எப்ப சமைச்சீங்க"ன்னு கேட்டேன். போன் தமிழ்ல சொன்னது இது: "நேற்று இரவு நான் அதைத் தூங்க வைத்தேன்." போன் உளறுதுன்னு நினைச்சேன். இல்லையாம். கரேயை ஒரு ராத்திரி வச்சு எடுக்கிறதை இவங்க அப்படித்தான் சொல்வாங்களாம், தூங்க வைக்கிறதுன்னு. வீட்டுல கூட ரெண்டாம் நாள் கரேதான் ருசின்னு எல்லாரும் ஒத்துக்குவாங்களாம். அண்ணாச்சி, எங்க ஊர்ல மீன்குழம்பை மண்சட்டியில வச்சுட்டு மறுநாள் காலையில பழைய சோத்துக்கு ஊத்துவாங்களே, அதை அவருக்குச் சொன்னேன். போன் எப்படி மொழிபெயர்த்துச்சோ தெரியல, ரொம்ப நேரம் தலையாட்டினார்.

இன்னொண்ணும் தெரிஞ்சது. வண்டிக்குள்ள அவர் சமைக்கிறதே இல்ல. வாடகைச் சமையலறையில முந்தின நாள் செஞ்சு, வண்டியில சுட வச்சு ஊத்துறதோட சரி. காரணம் தண்ணி. வண்டியில எத்தனை லிட்டர் தொட்டி இருக்கோ அதுக்குத் தக்க வேலைதான் செய்யலாம்னு சட்டம். 40, 80, 200 லிட்டர்னு மூணு அளவு, 2021 ஜூன்ல இருந்து நாடு முழுக்க ஒரே கணக்கு. சின்னத் தொட்டிக்காரங்க ஒரு பண்டத்தை எளிமையா முடிச்சுக் குடுக்கலாம், அவ்வளவுதான். ஒரு அண்டா கரே, ஒரு பானை சோறு, தட்டு கழுவுற வேலை இல்ல. வண்டிச் சாப்பாட்டுல கரே ஏன் இத்தனை இருக்குன்னு இப்பத்தான் புரியுது. கடலோடி அண்ணாச்சி சொன்ன கப்பல் கணக்குதான், தரையில ஓடுது.

காரம் கொஞ்சம் கூட வேணும்னு சைகை காட்டினேன். மிளகாய்த்தூள் டப்பாவை நீட்டினார். நெல்லைக்காரன் கைதானே, தாராளமாத் தூவிட்டேன். கெட்டுது. காரம் வந்துச்சு, மத்தது எல்லாம் போச்சு. வெங்காயத்து இனிப்பு, வறுத்த மாவு, கடைசியில வர்ற அந்தச் சின்னச் சூடு, எதுவும் தெரியல. வெறும் மிளகாய்த்தூள் ருசி. அவர் பார்த்துக்கிட்டே இருந்தார், ஒண்ணும் சொல்லல.


மதுரை ஒகுசான் | வெள்ளி, இரவு 10.02

சொன்னேன்ல, குழம்புன்னு நினைக்காதீங்கன்னு! இது பால்பாயசத்துல உப்பு போதலைன்னு அள்ளிப் போட்ட கதை.


ஆய்வகத்து ஆள் | சனி, காலை 7.20

வண்டிக்காரர் தூங்க வைப்பது சரி. வீட்டில் செய்கிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். கெட்டியான கரேயை அண்டாவோடு அடுப்பிலேயே ராத்திரி முழுக்க விட்டுவிட்டுக் காலையில் இளஞ்சூடாகச் சாப்பிட்டு வயிறு கலங்குவது இங்கே பழைய கதை. காரணம் கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்சன்ஸ், ஜப்பானில் வெருஷு கிருமி என்பார்கள். இதன் வித்துகள் கொதித்தாலும் சாகாது. காற்று இல்லாத இடம்தான் பிடிக்கும், கெட்டிக் கரேயின் அடிப்பகுதி அதற்கு மாளிகை. ஆறிக்கொண்டே வரும்போது 45 டிகிரியை ஒட்டி மளமளவென்று பெருகும். நம் மீன்குழம்பில் புளி காவல் நிற்கிறது, இதில் அந்தக் காவலும் இல்லை. அகலமான பாத்திரங்களில் மெல்லிசாகப் பிரித்து, சீக்கிரம் ஆறவைத்து, குளிர்பெட்டியில் தூங்க வையுங்கள். மறுநாள் அடிவரை கிளறி நன்றாகக் கொதிக்கவிட்டுச் சாப்பிடுங்கள்.


நிஷிகசாய்வாசி | ஞாயிறு, இரவு 9.15

இந்த இழையைப் படிச்சுட்டு நேத்து நானும் வச்சேன். சைவமா. உலர்ந்த ஷீத்தாகே காளான், கொம்புங்கிற கடற்பாசி ரெண்டையும் ஊறவச்ச தண்ணி 800 மில்லி, வெண்ணெய் 50 கிராம், மைதா 50 கிராம், எஸ்&பி கம்பெனி சிவப்பு டப்பா கறிப்பொடி ரெண்டு மேசைக்கரண்டி, வெங்காயம் மூணு, உருளை, கேரட், அரை ஆப்பிள் துருவல். ரூ நல்லா வந்துச்சு. ராத்திரி கெட்டியா, பளபளன்னு இருந்துச்சு. கடைசியில அடுப்பை அணைச்சுட்டு ஒரு குழிக்கரண்டி தேன் விட்டேன். காலையில திறந்து பார்த்தா தண்ணி! ரசம் மாதிரி ஓடுது. என்ன தப்பு?


மதுரை ஒகுசான் | ஞாயிறு, இரவு 9.31

தேன்தான். பச்சைத் தேன்ல மாவுச்சத்தை உடைக்கிற நொதி இருக்கு. கடைசியா விட்டா ராத்திரி முழுக்க உக்காந்து உங்க மைதாவைத் தின்னுரும். ரூ போடுறதுக்கு முன்னாடியே விட்டு நல்லாக் கொதிக்க வச்சிருந்தா செயலிழந்து போயிருக்கும். இன்னொரு சந்தேகம், வாயில வச்ச கரண்டியைத் திரும்ப உள்ள விட்டுக் கிண்டினீங்களா? எச்சில்லயும் அதே நொதி இருக்கு.


நிஷிகசாய்வாசி | ஞாயிறு, இரவு 9.34

அக்கா, அதைப் பொதுவுல கேக்கணுமா?


சைவப்பிள்ளை | ஞாயிறு, இரவு 9.50

அளவுக்கு நன்றி. நாலு வருஷம் கழிச்சு நான் நம்பிச் சாப்பிடப்போற முதல் கரே இது. தேன் விட மாட்டேன், வெல்லம் ஒரு துளி போட்டுக்குவேன்.


கடலோடி | திங்கள், காலை 6.30

வெல்லம் போட்டாலும் ஒளிச்சு வைத்த ருசிதான், தாராளமாகப் போடுங்கள்.

தாமிரபரணித் தம்பிக்கு ஒரு வேலை சொல்கிறேன். உங்கள் ஆபீஸிலிருந்து நடந்து போகும் தூரத்தில், கின்சாவில், நாயர்ஸ் என்று ஒரு கடை 1949 முதல் இருக்கிறது. திருவனந்தபுரத்திலிருந்து வந்து இந்திய விடுதலைக்கு வேலை செய்த ஏ. எம். நாயர் ஆரம்பித்தது. இன்னும் கொஞ்சம் பழைய கதை வேண்டுமென்றால் ஷின்ஜுகுவில் நகமுராயா. 1912-இல் டெல்லியில் வைஸ்ராய் ஹார்டிஞ்ச் மேல் குண்டு வீசிய வழக்கில் தேடப்பட்டு, 1915-இல் ஜப்பானுக்குத் தப்பி வந்தார் ராஷ் பிஹாரி போஸ். அவரை ஒளித்து வைத்தது அந்த ரொட்டிக்கடைக் குடும்பம்தான். அவர்கள் மகளையே பிறகு மணந்துகொண்டார். இந்த மைதாக் கறியைச் சாப்பிட்டு அவருக்கும் உங்களைப் போலத்தான் இருந்திருக்கிறது. 1927-இல் அந்தக் கடையில் மாவு போடாத இந்தியக் கறியைக் கொண்டுவர வைத்தார். மற்ற இடங்களில் 10, 12 சென்னுக்கு (நூறு சென் ஒரு யென்) விற்ற காலத்தில் அது 80 சென். ஆனாலும் விற்றது. இன்றும் விற்கிறது.

இரண்டையும் சாப்பிட்டுவிட்டு மரத்தடி வண்டிக்குத் திரும்பிப் போய்ப் பாருங்கள். எது பிடிக்கிறது என்று எழுதுங்கள், கேட்கிறேன்.


சும்மா வந்தவன் | திங்கள், காலை 9.05

சரி, ஒத்துக்கிறேன். நேத்து சூப்பர் மார்க்கெட்ல ஒரு பெட்டி வாங்கினேன். சூகரா. பொண்டாட்டி ரெண்டு தட்டு சாப்பிட்டா. நான் ஒன்றரை. பசைதான், ஆனா நல்ல பசை.


தாமிரபரணிக்காரன் | செவ்வாய், இரவு 8.55

நாயர்ஸுக்கு சனிக்கிழமை போறேன் அண்ணாச்சி, போயிட்டு எழுதுறேன்.

இன்னைக்கு வண்டியில மூணாவது தடவை. மிளகாய்த்தூளைத் தொடல. சோத்தையும் கரேயையும் பிசையாம, இங்க உள்ளவங்க மாதிரி எல்லைக்கோட்டுல கொஞ்சம் கொஞ்சமா எடுத்துச் சாப்பிட்டேன். நடுவுல தம்பட்டங்காயைத் தேடிக் கடிச்சேன். முதல் நாள் எனக்குப் பிடிச்சது எதுன்னு இப்பத்தான் பிடிபட்டுச்சு. அடிப்பிடிக்கிறதுக்கு ஒரு நொடி முன்னாடி இறக்கின வெங்காயம். எங்க அம்மா தீயல் வைக்கும்போது வீட்டுல வரும் அந்த மணம். அதுக்கு மேல ஏறி நின்ன இனிப்புதான் என்னை ஏமாத்தியிருக்கு.

வண்டிக்காரர் கேக்காமலே ஓமோரி, அதாவது பெரிய அளவுக்குச் சோறு வச்சார். காசு வாங்கல.


நிஷிகசாய்வாசி | செவ்வாய், இரவு 9.10

வெள்ளிக்கிழமை நான் அந்தப் பக்கம் வர்றேன். எத்தனை மணிக்கு வந்தா வரிசை குறைவா இருக்கும்?


தாமிரபரணிக்காரன் | செவ்வாய், இரவு 9.14

11.30-க்கு வாங்க, 12 அடிச்சா நிக்க இடம் இருக்காது. காசுக்குப் பதிலா ரயில்ல தேய்க்கிற ஐசி கார்டும் எடுப்பார். ஒரு பிளாஸ்டிக் பை கொண்டு வாங்க, முற்றத்துல குப்பைத்தொட்டி என் கண்ணுல படவே இல்ல. முதல் நாள் நான் காலி டப்பாவை ஆபீஸுக்குத் தூக்கிட்டுப் போய் லிஃப்ட் முழுக்க கரே மணந்தது.